கேம் கோப்புகளை மவுஸால் திருத்த: எடிட்டர் செய்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

சென்ற ஞாயிறு பின்னேரம் திருகோணமலை உப்புவெளியில், ரியூசன் முடிந்து காலியான ஒரு வகுப்புக் கொட்டிலில் பதினைந்து பேர் அளவில் கூடியிருந்தோம். எல்லாரும் வியூக கேம்களுக்கு மொட் செய்பவர்கள், அதாவது கேமின் கோப்புகளைத் தம் விருப்பப்படி மாற்றுபவர்கள், அல்லது செய்ய ஆசைப்படுபவர்கள். ஒரு யூனிட்டின் (வீரன், குதிரைவீரன் போன்ற காயின்) விலை, ஒரு கோட்டையின் பலம், எந்தத் தொழில்நுட்பத்துக்குப் பிறகு எது வரும் என்பதெல்லாம் அந்தக் கேம்களின் தரவுக் கோப்புகளில் இருக்கின்றன. அவற்றை நோட்பேடில் திறந்து, ஒரு காற்புள்ளியைத் தவறவிட்டு, கேம் ஏன் திறக்கவில்லை என்று இரவெல்லாம் தேடியவர்கள்தான் அங்கே வந்திருந்தார்கள். மவுஸால் திருத்தக்கூடிய எடிட்டர் ஒன்றை நாங்களே செய்வது எப்படி என்று கேட்டார்கள். அந்த வேலையில் நான் பத்து வருடமாக இருக்கிறேன். நேரம் போதாமல் விடுபட்ட கேள்விகளையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி (உவர்மலை): அக்கா, நான் முதலில் திரையைச் செய்துவிட்டேன். பட்டன், மெனு எல்லாம் வடிவாக வந்திருக்கிறது. கோப்பைப் படிக்கும் பகுதியில்தான் நிற்கிறேன். எந்த ஒழுங்கில் செய்வது சரி?

பதில்: திரையைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள் தம்பி. முதலில் பட்டனே இல்லாத ஒரு சின்ன நிரல் எழுதுங்கள். அது கோப்பைத் திறக்கும், ஒன்றையும் மாற்றாது, இன்னொரு பெயரில் எழுதி வைக்கும். பிறகு இரண்டு கோப்பையும் பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். ஒரு பைட் வித்தியாசப்பட்டாலும் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

கேட்க இலகுவாக இருக்கும், செய்யப் போனால்தான் விளங்கும். அன்சிவ் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் யூனிட்டுகள், கட்டடங்கள், நாடுகள் எல்லாம் ஜேசன் (பெயரும் பெறுமதியுமாக எழுதும் உரை வடிவம்) கோப்புகளில் இருக்கின்றன. அந்தக் கோப்புகளில் இரட்டைச் சாய்கோடு போட்டு எழுதிய கொமன்டுகள், அதாவது மனிதருக்கான குறிப்புகள், வரலாம். கேம் அதைப் பொறுத்துக்கொள்ளும். பைதான் நிரல்மொழியோடு வரும் ஜேசன் நூலகம் (ஜேசனைப் படிக்கும் ஆயத்த நிரல்) பொறுக்காது, அந்த வரியிலேயே நின்றுவிடும். சரி, கொமன்டை வெட்டிவிட்டுப் படிக்கலாம் என்று நினைப்பீர்கள். படிக்கலாம்தான், எழுதும்போது அது திரும்ப வராது. டாப் இருந்த இடத்தில் ஸ்பேஸ் வரும். 1.50 என்று இருந்தது 1.5 ஆகும். தமிழில் வைத்த பெயர்களெல்லாம், வேண்டாம் என்று நீங்கள் தனியாகச் சொல்லாவிட்டால், பின்சாய்கோடும் யு எழுத்தும் நாலு இலக்கமுமாக மாறிக் கிடக்கும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஏழு வருடத்துக்கு முன் நான் எழுதிய எடிட்டர் ஒன்றை ஏ.எல். படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளைக்குக் கொடுத்தேன். அவர் தன் கோப்பில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் மேலே, ஏன் இந்த விலை வைத்தேன், போன ஆட்டத்தில் இது எப்படித் தோற்றது என்று குறிப்பு எழுதி வைத்திருந்தார். மூன்று கிழமை உழைப்பு. என் எடிட்டரில் திறந்து, ஒரே ஒரு எண்ணை மாற்றி சேவ் பண்ணினார். எண் சரியாக மாறியிருந்தது. குறிப்புகள் ஒன்றுகூட இல்லை, வேறு பிரதியும் இல்லை. அவர் என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. ஞாபகத்தில் இருந்ததை வைத்து மறுபடி எழுதத் தொடங்கினார். அந்தப் பிள்ளை எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றது எனக்கு இன்றைக்கும் மனதில் நிற்கிறது.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை இதுதான். கோப்பைப் படிக்கும்போது ஒவ்வொரு பெறுமதியும் எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிகிறது என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்வேன். ஒருவர் விலையை 40இலிருந்து 45 ஆக்கினால், அந்த இரண்டு எழுத்து இருந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுவேன். மற்றதெல்லாம் கோப்பை எழுதியவருடையது. என் எடிட்டருக்கு விளங்காத ஒரு வரி வந்தாலும் அது இருந்தபடியே இருக்கும்.

கேள்வி (கிண்ணியா): கொமன்டைக் கேம் படிப்பதே இல்லையே அக்கா. அதற்கு ஏன் இவ்வளவு மினக்கெட வேண்டும்?

பதில்: 1996இல் வந்த சிவிலைசேஷன் 2 கேமின் விதிக் கோப்பைப் பாருங்கள். ஒவ்வொரு தொழில்நுட்பத்துக்கும் ஒரு வரி. அதற்கு முன்தேவை எவை என்பதை மூன்றெழுத்துச் சுருக்கங்களால் எழுதியிருப்பார்கள். எந்தச் சுருக்கம் எந்த வரிக்குரியது என்பது வரியின் கடைசியில், அரைப்புள்ளிக்குப் பின்னால் வரும் கொமன்டில் இருக்கிறது. கேமுக்கு அது வேண்டாம், வரி எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதே அதற்குப் போதும். மனிதருக்கு அந்தக் கொமன்ட்தான் வழிகாட்டி. அதை எடுத்துவிட்டால் கேம் ஓடும், கோப்பை வாசிக்க ஆளிருக்காது. அதே காரணத்தால் இப்படிப்பட்ட கோப்புக்கு, வரிகளை அகர வரிசையில் அடுக்கும் பட்டனை வைத்துவிடாதீர்கள். திரையில் வேண்டுமானால் அடுக்கிக் காட்டலாம், கோப்பில் இடம் மாறவே கூடாது.

கேள்வி (மூதூர்): எந்த மொழி, எந்த டூல்கிட் (பட்டன், மெனு வரையும் ஆயத்த நிரல்தொகுப்பு)?

பதில்: உங்களுக்குப் பழகிய மொழி. ஒன்றும் பழகவில்லை என்றால் பைதானும் கியூட் என்ற டூல்கிட்டும். பைதானோடே வரும் டிகின்டர் என்ற டூல்கிட்டில் தொடங்குவது இலகு. ஆனால் லினக்ஸில் அது தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டாது. ‘கொட்டியார்குடா’ என்று எழுதினால் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். கியூட் உள்ளுக்குள் ஹார்ஃபஸ் என்ற நூலகத்தைக் கொண்டு எழுத்துகளைச் சேர்ப்பதால் தமிழ் ஒழுங்காக வரும். எங்கள் ஊர்ப் பெயர்களைக் கேமுக்குள் கொண்டுவரத்தானே இவ்வளவும் செய்கிறோம்.

கேள்வி (தம்பலகாமம்): ஒரு யூனிட்டை ஒரு படிவமாகக் காட்டுவதா, எல்லா யூனிட்டையும் ஒரே அட்டவணையில் காட்டுவதா? நான் இப்போது எக்செலில்தான் வைத்திருக்கிறேன்.

பதில்: இரண்டும் வேண்டும். ஆனால் ஒன்றைத்தான் முதலில் செய்ய முடியும் என்றால் அட்டவணையைச் செய்யுங்கள். பெரும்பாலானவர்கள் படிவத்தில் தொடங்குகிறார்கள், அது எனக்குச் சரியாகப் படவில்லை. மொட் செய்பவர் ஒரு யூனிட்டைத் தனியாக வைத்து யோசிப்பது குறைவு. இந்தக் குதிரைவீரனுக்கு இந்த விலை கூடவா என்ற கேள்வி, பக்கத்தில் ஈட்டிக்காரன் இருந்தால்தான் எழும்.

எக்செலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வெஸ்நோத் என்ற கேமை ஆடுபவர்கள் தாக்குதலை 7-3 என்று எழுதுவார்கள். ஒரு அடிக்கு 7 சேதம், மூன்று அடி என்று அர்த்தம். அதை எக்செல் கட்டத்தில் தட்டினால் அது திகதியாகிவிடும். உங்கள் கணினியின் அமைப்பைப் பொறுத்து மார்ச் 7 ஆகவோ ஜூலை 3 ஆகவோ மாறும். அந்தக் கட்டத்தை முன்கூட்டியே டெக்ஸ்ட் என்று வைத்தால் தப்பலாம். அதை எல்லாரும் எல்லா நேரமும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். சொந்தமாக எடிட்டர் செய்வதற்கு இது ஒன்றே போதிய காரணம் என்பேன்.

அப்புறம், அட்டவணையில் கோப்பில் உள்ள எண்களை மட்டும் காட்டினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். வெஸ்நோத்தின் ஈட்டிக்காரனான ஸ்பியர்மனை எடுங்கள். உயிர்ப்புள்ளி 36, விலை 14 பொன், ஈட்டி 7-3. இதிலிருந்து எடிட்டரே கணக்குப் பார்த்துக் காட்டலாம். மூன்று அடியும் பட்டால் 21 சேதம், ஒரு பொன்னுக்கு 1.5. உயிர்ப்புள்ளி ஒரு பொன்னுக்கு ஏறக்குறைய 2.6. இப்போது இன்னும் ஒரு படி போங்கள். அந்தக் கேமில் ஸ்பியர்மன் பகல் பக்கத்து ஆள். பகலில் 25 வீதம் கூடும், இரவில் 25 வீதம் குறையும். அடிக்கு 7 என்பது பகலில் 9 ஆகும், இரவில் 5 ஆகும். மூன்று அடிக்கும் சேர்த்துப் பார்த்தால் 27க்கும் 15க்கும் உள்ள வித்தியாசம். கோப்பில் தனியே நிற்கும் 7 என்ற எண்ணைப் பார்த்து எவரும் இதை உணர மாட்டார். பகல், இரவு என்று இரண்டு கொலம் போட்டுக் காட்டினால், இருட்டில் தன் படை ஏன் கரைகிறது என்று புதிதாக மொட் செய்பவருக்கு உடனே விளங்கும்.

கணக்கிட்ட கொலங்களுக்குப் பின்னணி நிறத்தை வேறாக வையுங்கள். அவற்றைத் திருத்த விடாதீர்கள், கோப்பில் எழுதவும் எழுதாதீர்கள். பல வரிகளைத் தெரிந்து ‘எல்லாவற்றின் விலையையும் 10 வீதம் கூட்டு’ என்று செய்யும் வசதி இருந்தால் உங்கள் எடிட்டரை யாரும் விடமாட்டார்கள். கூட்டுவதற்கு முன் பழைய விலையையும் புதிய விலையையும் அருகருகே ஒருமுறை காட்டிவிடுங்கள். சின்ன எண்களில் 10 வீதம் என்பது முழு எண்ணுக்குத் திருப்பும்போது ஒன்றுமே இல்லாமல் போகலாம், அல்லது பாதிக்குப் பாதி கூடிவிடலாம்.

கேள்வி (நிலாவெளி): அன்சிவ் மொட்டில் ‘வொரியர்’ என்ற பெயரை ‘வன்னிக் காவலன்’ என்று மாற்றினேன். கேம் பிழை காட்டுகிறது. பெயரை மட்டும்தானே மாற்றினேன்?

பதில்: அந்தக் கேமில் பெயர்தான் அடையாளம். வேறு எண் கிடையாது. ஒரு யூனிட் எதுவாக உயரும், ஒரு நாட்டின் தனி யூனிட் எதற்குப் பதிலாக வரும் என்பதெல்லாம் மற்ற இடங்களில் அதே பெயரைக் கொண்டுதான் சொல்லப்பட்டிருக்கும். நீங்கள் ஒரு இடத்தில் மாற்றினீர்கள், மற்ற இடங்கள் பழைய பெயரைத் தேடி நிற்கின்றன.

நல்ல எடிட்டர் கோப்புகளைத் திறக்கும்போதே யார் யாரைச் சுட்டுகிறார்கள் என்று ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளும். பெயரை மாற்றப் போனால், ‘இந்தப் பெயர் மூன்று கோப்புகளில் ஏழு இடத்தில் வருகிறது, எல்லாவற்றையும் மாற்றவா’ என்று கேட்டு, அந்த ஏழு இடத்தையும் பட்டியலாகக் காட்டும். அழிக்கப் போனாலும் அப்படியே. கண்ணை மூடிக்கொண்டு தேடி மாற்றும் வேலையாக இதைச் செய்யாதீர்கள் தம்பி. அன்சிவ்வில் சிறப்பு விதிகள் ஆங்கில வாக்கியங்களாகவே எழுதப்படுகின்றன, பெயர்கள் சதுர அடைப்புக்குள் வரும். எந்தச் சொல் யூனிட்டின் பெயர், எந்தச் சொல் சும்மா சொல் என்று பிரித்தறியாமல் மாற்றினால் வேறெங்கோ உடையும்.

அதே பதிவேடு இன்னொன்றுக்கும் உதவும். ஒரு யூனிட்டின் மேல் மவுஸை வைத்தால் ‘இதைச் சுட்டுபவர்கள்’ என்று காட்டலாம். யாருமே சுட்டாத, எந்தத் தொழில்நுட்பத்தாலும் திறக்கப்படாத யூனிட் கோப்பின் மூலையில் கிடந்தால் அன்றைக்குத்தான் கண்ணில் படும்.

கேள்வி (சாம்பல்தீவு, ஒரு ஆசிரியர்): பிள்ளைகளோடு சேர்ந்து தொழில்நுட்ப மரத்தைப் படமாக வரையும் பகுதியைச் செய்கிறோம். கோடுகள் சிக்கலாகி ஒன்றும் தெரியவில்லை. ஒருமுறை எடிட்டர் அப்படியே உறைந்தும் போனது.

பதில்: சேர், உறைந்தது சுழலால்தான் இருக்க வேண்டும். சக்கரத்துக்கு முன்தேவை வண்டி, வண்டிக்கு முன்தேவை சக்கரம் என்று எங்கோ ஒரு பிள்ளை தெரியாமல் இணைத்திருப்பார். படம் வரையும் நிரல் அதற்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். வரைவதற்கு முன் ஒரு சோதனை வையுங்கள். முன்தேவையே இல்லாதவற்றை முதலில் எடுத்து ஒதுக்குங்கள். அவற்றை மட்டும் முன்தேவையாகக் கொண்டவற்றை அடுத்து எடுங்கள். இப்படியே போனால் கடைசியில் எடுக்க முடியாமல் எவை மிஞ்சுகின்றனவோ, சுழல் அவற்றுக்குள்தான் இருக்கிறது. மாணவர்கள் கையால் பலகையிலேயே செய்து பார்க்கலாம், நல்ல பாடமாகவும் இருக்கும்.

கோட்டுச் சிக்கலுக்கு அதே வழி பாதி விடை. முதலில் எடுத்தவை முதல் கொலம், அடுத்து எடுத்தவை இரண்டாம் கொலம் என்று வைத்தால் கோடுகளெல்லாம் இடமிருந்து வலமாகவே ஓடும். ஒவ்வொரு கொலத்துக்குள்ளும் மேல் கீழ் இடத்தை, தன் முன்தேவைகளின் உயரத்தின் சராசரிக்கு அருகில் வையுங்கள். வெட்டிக்கொள்ளும் கோடுகள் நன்றாகக் குறையும். மிஞ்சியதை மனிதர் கையால் நகர்த்தட்டும். அன்சிவ்வில் கொலம் எண்ணும் வரிசை எண்ணும் கோப்பிலேயே எழுதப்படுகின்றன, அதனால் நகர்த்தியதைச் சேமிக்க இடம் இருக்கிறது. ஃப்ரீசிவ் போன்ற கேம்களில் மரத்தின் தோற்றத்தைக் கேமே கணக்கிடும். அங்கே நகர்த்திய இடங்களைப் பக்கத்தில் ஒரு தனிக் கோப்பில் வையுங்கள், கேமின் கோப்புக்குள் நுழைக்காதீர்கள்.

எல்லாக் கோட்டையும் ஒரே நேரத்தில் கறுப்பாகக் காட்டவும் தேவையில்லை. ஒன்றைத் தொட்டால் அதற்குப் போகும் வழி மட்டும் தடித்து, மற்றவை மங்கினால் போதும்.

கேள்வி (சீனக்குடா): நோட்பேடில் வாசிக்க முடியாத, வெறும் பைட்டுகளாக எழுதிய பழைய கேம்களின் இருமக் கோப்புகளுக்கு இதெல்லாம் பொருந்துமா?

பதில்: பொருந்தும், கை இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1998இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் கேமின் யூனிட் கோப்பில் 228 யூனிட்டுகள் இருக்கின்றன. ஒரு யூனிட்டின் விவரமெல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் என்று நினைப்போம். அங்கே பெரும்பாலும் ஒரு பண்பை எடுத்து 228 பேருக்கும் வரிசையாக எழுதிவிட்டு, பிறகுதான் அடுத்த பண்பு தொடங்கும். உயிர்ப்புள்ளிக்கு ஒருவருக்கு 4 பைட், மொத்தம் 912 பைட். அதிலும் எண் 256ஆல் பெருக்கப்பட்டிருக்கும். 40 உயிர்ப்புள்ளி உள்ள மரீன் என்ற வீரர் கோப்பில் 10240 ஆக நிற்பார். திரையில் 40 என்று காட்டுவதும் எழுதும்போது 10240 ஆக்குவதும் எடிட்டரின் வேலை. யூனிட்டின் பெயர்கூட அந்தக் கோப்பில் இல்லை, எழுத்துக்களுக்கென்று வேறொரு கோப்பு உண்டு.

இருமக் கோப்பில் நடுவில் ஒரு பைட்டைச் செருகினால் பின்னால் உள்ளதெல்லாம் இடம் பெயரும். ஆகவே இருந்த இடத்திலேயே, இருந்த அகலத்துக்குள்ளேயே எழுதுங்கள்.

தமிழ்ப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு விசயம். பெயருக்கு 20 பைட் ஒதுக்கிய ஒரு கோப்பு என்று வைத்துக்கொள்வோம். கடைசி ஒன்று முடிவுக் குறிக்கு, மிச்சம் 19. ‘திருகோணமலை’ கண்ணுக்கு ஆறு எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யுனிகோடில் பத்துக் குறிகள், அவற்றைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் குறி ஒன்றுக்கு 3 பைட், மொத்தம் 30. 19 பைட்டில் வெட்டினால் ‘திருகோ’ வரை வந்து, ணகரத்தின் முதல் பைட் மட்டும் உடைந்து தொங்கும். அந்தப் பழைய கேமுக்கு யுடிஎஃப்-8 தெரியுமா என்பது வேறு கதை. ஆகவே பெயர்க் கட்டத்துக்குப் பக்கத்தில் மிச்சமுள்ள பைட்டைக் காட்டுங்கள், எழுத்துகளை எண்ணிக் காட்டாதீர்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். ‘கோ’வில் உள்ள ஓகாரக் குறி யுனிகோடில் ஒரே குறியாகவும் வரலாம், இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்று, தேடலுக்கு இரண்டு. ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். கோப்பில் உள்ளதை மட்டும் நீங்களாக மாற்றாதீர்கள்.

கேள்வி (உப்புவெளி): ஸீரோ ஏ.டி. கேமில் ஒரு வீரனின் கோப்பைத் திறந்தால் நாலைந்து வரிதான் இருக்கிறது. உயிர்ப்புள்ளி எங்கே?

பதில்: மேலே. அந்தக் கேமின் வார்ப்புகள் (யூனிட்டை விவரிக்கும், எக்ஸ்எம்எல் என்ற உரை வடிவில் எழுதிய கோப்புகள்) ஒன்றிலிருந்து ஒன்று பெற்றுக்கொள்பவை. வீரன் காலாட்படை வார்ப்பிலிருந்து எடுப்பார், அது அதற்கும் மேலுள்ள பொது வார்ப்பிலிருந்து எடுக்கும். கீழே உள்ள கோப்பில் புது எண்ணையே வைக்காமல், மேலிருந்து வருவதை இவ்வளவால் பெருக்கு, இவ்வளவைக் கூட்டு என்றும் எழுதலாம்.

திரையில் இறுதி எண்ணைக் காட்டுங்கள். அது எங்கிருந்து வந்தது என்பதையும் அதே இடத்தில் காட்டுங்கள். மேலிருந்து வந்தது மங்கலாக, இந்தக் கோப்பிலேயே எழுதியது தடிப்பாக. ஒருவர் மங்கலான எண்ணைத் திருத்தினால், இந்த வீரனுக்கு மட்டுமா, மேலே மாற்றி எல்லாருக்குமா என்று கட்டாயம் கேளுங்கள். தடிப்பான எண்ணுக்குப் பக்கத்தில் ‘மேலுள்ளதுக்கே விடு’ என்று ஒரு பட்டன் வேண்டும். அது அந்த வரியை அழிக்க வேண்டும், மேலுள்ள எண்ணைப் பிரதி எடுத்து எழுதக் கூடாது. பிரதி எடுத்தால், நாளைக்கு மேலே மாற்றும்போது இவர் மட்டும் பழைய எண்ணோடு நிற்பார்.

கேள்வி (ஆலங்கேணி): செய்த திருத்தத்தைத் திரும்பப் பெறும் அன்டூ கட்டாயமா?

பதில்: கட்டாயம், அதுவும் முதல் நாளிலிருந்து. பிறகு செருகுவது மிகக் கஷ்டம். ஒவ்வொரு திருத்தத்தையும் ‘எது, முன்பு என்ன, இப்போது என்ன’ என்ற ஒரு பொருளாக அடுக்குங்கள். கியூட்டில் இதற்கென்றே ஆயத்தமான அடுக்கு இருக்கிறது. ஸ்லைடரை இழுக்கும்போது நூறு திருத்தம் விழும். அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி (கன்னியா): சேவ் பண்ணிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்க் கோப்பு வெறுமையாகிவிட்டது. எனக்கு மட்டுமா இது?

பதில்: இல்லை தங்கச்சி. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது, மேசைக் கணினியில் வேலை செய்த பலருக்கு இது நடந்தது. பழைய கோப்பைத் திறந்து அதன் மேலேயே எழுதத் தொடங்கினால், அந்தக் கணத்தில் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிகப் பெயரில் முழுவதையும் எழுதுங்கள். எழுதியது வட்டில் இறங்கிவிட்டது என்று உறுதிப்படுத்துங்கள். பிறகு பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் வையுங்கள். பைதானில் இந்தக் கடைசிப் படிக்கு ஒரே வரி போதும். எந்தக் கணத்தில் கரண்ட் போனாலும் ஏதோ ஒரு முழுக் கோப்பு உங்களிடம் இருக்கும். முதல் சேவுக்கு முன் மூலக் கோப்பை ஒரு பிரதி எடுத்து வைப்பதையும் எடிட்டரே செய்யட்டும்.

கேள்வி (திருகோணமலை நகர்): எங்கள் துறைமுகத்தை வைத்து 1782ஆம் ஆண்டு மொட் ஒன்று செய்கிறேன். கோட்டைக்குச் சொந்தக்காரர் யார் என்று ஒரு கட்டம் வைத்தேன். ஒவ்வொரு முறையும் மாற்றி மாற்றிச் சேவ் பண்ண வேண்டி இருக்கிறது.

பதில்: இந்தக் கேள்விக்காகவே நான் ஞாயிறு வரைக்கும் காத்திருந்தேன். அந்த ஒரே வருடத்தில் எங்கள் துறைமுகம் மூன்று பேரின் கையில் இருந்தது. வருடத் தொடக்கத்தில் ஒல்லாந்தர். ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஓகஸ்ட் கடைசியில் சஃப்ரனின் பிரெஞ்சுப் படை பிடித்தது. செப்டம்பர் 3இல் துறைமுகத்துக்கு வெளியே கடலில் ஹியூஸின் ஆங்கிலக் கப்பற்படையோடு சண்டை. பிறகு சமாதான உடன்படிக்கையில் மறுபடி ஒல்லாந்தருக்கே போய், 1795இல் திரும்பவும் ஆங்கிலேயரிடம் வந்தது. இதை ஒரே கட்டத்தில் அடைக்க முடியாது. சொந்தக்காரர் என்பதைத் திகதிப் பட்டியலாக வையுங்கள். இந்த நாளிலிருந்து இவர், அந்த நாளிலிருந்து அவர் என்று. திரையின் அடியில் ஒரு காலக்கோடு. அதை நகர்த்தினால் வரைபடத்தின் நிறம் மாற வேண்டும்.

கோட்டையையும் ஒன்றாக வைக்காதீர்கள். கோணேசர் மலையில் ஒன்று, துறைமுக வாயைப் பார்த்தபடி ஒஸ்டன்பேர்க் ஒன்று. ஆங்கிலேயர் ஜனவரியில் இரண்டையும் ஒரே நாளில் பிடிக்கவில்லை, சில நாள் இடைவெளி இருந்தது. அந்தச் சில நாள்தான் உங்கள் மொட்டின் முதல் கட்டமே.

பெயருக்கும் திகதி வேண்டும். கோணேசர் மலைக் கோட்டைக்குப் பிரெட்ரிக் கோட்டை என்ற பெயர் 1803இல்தான் வந்தது. 1782 வரைபடத்தில் அந்தப் பெயர் தெரிந்தால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே பிழையான வரலாற்றைக் கொடுக்கிறோம். கோயிலும் அப்படித்தான். 1620களில் போர்த்துக்கேயர் இடித்தார்கள், இன்று நாம் கும்பிடும் கோயில் 20ஆம் நூற்றாண்டில் எழுந்தது. 1782இல் மலையின் மேல் கோபுரத்தை வரைய மனம் கேட்கும், எனக்கும் கேட்கும். மலையை வரையுங்கள், கோபுரத்துக்குத் தொடக்கத் திகதி போடுங்கள்.

பருவக்காற்றையும் தரவாக வையுங்கள். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் சோழமண்டலக் கரையில் பெரிய பாய்க்கப்பல்கள் ஒதுங்க நல்ல துறைமுகம் கிடையாது. திருகோணமலை எந்தக் காற்றுக்கும் பாதுகாப்பு. இத்தனை பேர் இதற்கு அடிபட்டதே அதனால்தான். மாதத்துக்கு மாதம் துறைமுகங்களின் பாதுகாப்பு எண் மாறும் ஒரு சிறு அட்டவணை இருந்தால், ஏன் எல்லாரும் இங்கே வருகிறார்கள் என்பது ஆடுபவருக்கு ஆடும்போதே தெரியும். அட்டவணையை முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், நானும் ஆடிப் பார்க்க ஆவலாக இருக்கிறேன்.

கேள்வி (மட்டக்களப்பு): எடிட்டரின் பிழைச் செய்திகளைத் தமிழில் வைக்கலாமா?

பதில்: வையுங்கள். ஆனால் கோப்பில் உள்ள சாவிச் சொற்களை மொழிபெயர்த்துவிட்டு மூலத்தை மறைக்காதீர்கள். ‘விலை’ என்று பெரிதாக, அதன் கீழே கோப்பில் உள்ள சொல் சிறிதாக. வேறிடத்தில் உதவி கேட்கும்போது அந்தச் சொல்தான் வேண்டும். பிழைச் செய்தியில் எந்தக் கோப்பு, எத்தனையாம் வரி, என்ன எதிர்பார்த்தது, என்ன கிடைத்தது என்ற நாலும் இருக்கட்டும். தட்டிக்கொண்டிருக்கும்போதே சிவப்புக் காட்டி மிரட்டாதீர்கள், கட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகு காட்டுங்கள். பிழை இருந்தாலும் சேவ் பண்ண விடுங்கள். பாதி முடிந்த மொட்டில் பிழை இருக்கத்தான் செய்யும், அதை நாளைக்குத் தொடர வேண்டும் அல்லவா.

கேள்வி (உவர்மலை, முதலில் கேட்ட அதே தம்பி): அந்தச் சின்ன நிரலை எழுதினேன் அக்கா. ஒரே ஒரு பைட்தான் வித்தியாசம். கோப்பின் கடைசியில். பரவாயில்லையா?

பதில்: அது கடைசி வரிக்குப் பின்னால் இருந்த புதுவரிக் குறியாக இருக்கும். வரிவரியாகப் பிரித்துத் திரும்பச் சேர்க்கும்போது நழுவியிருக்கும். பிரிக்கும்போது வரிமுடிவையும் வரியோடே வைத்துப் பிரியுங்கள். விண்டோஸில் எழுதிய கோப்பு என்றால் வரிமுடிவு இரண்டு பைட், அதையும் கவனியுங்கள். திருத்திவிட்டு மறுபடி ஒப்பிட்டு, இரண்டும் ஒன்று என்று வந்ததும் திரையைத் திறக்கலாம்.